வெள்ளைக் கிரேயான் தேய்ந்தது ஏன்?

அத்தியாயம் 4

விலைபோகாத சரக்கு ஒரு கடையில் இருந்தால் ஜபருல்லாவின் கண் நேராக அங்கேதான் போகும். பினாங்கு சூலியா தெருவில் கைலிக் கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் மாமா மச்சான் என்று உறவு கொண்டாடிக் கூவிய காலத்தில் படிந்த பழக்கம் அது. அதனால்தான் கிரேயான் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வெள்ளைக் குச்சிகளைப் பார்த்து அவனுக்கு இரக்கம் வரும். வெள்ளைக் காகிதத்தில் வெள்ளையால் யார் என்ன கிழிக்கப் போகிறார்கள்? சிவப்பு தீர்ந்துபோகும். கறுப்பு தீர்ந்துபோகும். பச்சைகூட நாளடைவில் நகக்கண் அளவுக்கு வந்துவிடும். வெள்ளை மட்டும் சட்டை கசங்காத மாப்பிள்ளை மாதிரி பெட்டி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அதில் ஒன்று பாதியாகத் தேய்ந்திருந்தது.

ஜபருல்லா அதை எடுத்து வள்ளிநாயகியிடம் நீட்டினான். "அக்கா, நம்ம கடையில விக்காத சரக்கு ஒண்ணு ஓடியிருக்கு. வாங்கினது யாருன்னு தெரியல."

வள்ளிநாயகி சிரிக்கவில்லை. குச்சியை வாங்கி, அதன் தேய்ந்த முனையை நெடுநேரம் பார்த்தாள்.

பத்து லாடா சிறையில் செவ்வாய்க்கிழமைதோறும் கைதிகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுப்பவள் அவள். சொல்லிக் கொடுப்பவள் என்பதுகூடச் சரியில்லை. வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்ல வைப்பதுதான் அவள் வைத்தியம். ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி ஒருவரின் மகளாகப் பிறந்து, டாக்டராக வேண்டும் என்று அப்பா சீமைக்கு அனுப்பிய இடத்தில் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்து நின்றவள். படத்தைப் பார்க்கிற கண்ணாலேயே மனிதரையும் பார்ப்பாள் என்பதால், போலீஸ் கைவிட்ட இரண்டு வழக்குகள் ஏற்கெனவே அவள் மேஜைக்கு வந்து முடிச்சு அவிழ்ந்து போயிருந்தன.

ஜபருல்லா அவளுடைய பழைய மாணவன். சுங்கத்துறைக்குச் சொல்லாமல் ஒரு படகு நிறையக் கைலி கொண்டுவந்ததற்காக அதே கொட்டகையில் உட்கார்ந்து படம் போட்டவன். வெளியே வந்த பிறகு அவளுக்குப் பெட்டி தூக்குகிறான், கார் ஓட்டுகிறான். முன்னாலே அரசாங்கச் செலவில் உள்ளே இருந்தேன், இப்போது அக்கா செலவில் உள்ளே வருகிறேன் என்று சொல்லிக்கொள்வான். ஒட்ட வெட்டிய சிறைக் கிராப்பை மட்டும் அவன் மாற்றவேயில்லை. தலைக்கு எண்ணெய்ச் செலவு மிச்சமாம்.

"போன வாரம் கார்த்திகேசு இடத்துல இருந்த குச்சி இது" என்றாள் வள்ளிநாயகி மெதுவாக.

அந்தப் பெயரைக் கேட்டதும் ஜபருல்லா பெட்டியை மூடிவைத்தான்.

கார்த்திகேசுவுக்கு மறுநாள் காலை விடுதலை. பஸார் தெருவில் பித்தளை விளக்குக் கடை வைத்திருக்கும் யோகம்மாவின் கழுத்துச் சங்கிலியை அறுத்து, தடுத்த கையைக் கத்தியால் கிழித்ததற்காக மூன்று வருஷம் உள்ளே இருந்தவன். கோர்ட்டில் அவன் பேசியதை யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு பேசுவதையே விட்டுவிட்டான். வகுப்பில் ஒரு வார்த்தை கிடையாது. கடந்த ஐந்தாறு மாதமாக வாராவாரம் அவன் வரைந்தது ஒரே படம்தான். வரிசையாக நிற்கும் கடைப் பலகைகள். பகலில் கழற்றிவைத்து, சாயங்காலம் ஒன்றொன்றாகச் சொருகி மூடுவார்களே, அந்தப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு எண். ஒன்று, இரண்டு என்று ஒழுங்காகப் போய், ஆறு வரவேண்டிய இடத்தில் ஒன்பது இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எண்ணத் தெரியாதவன் என்று கேலி செய்தார்கள். அவன் திருத்தவில்லை.

அன்று காலை சிறை அதிகாரி வள்ளிநாயகியை அழைத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். பேசாத ஆள், வெட்டுப்பட்ட பெண்ணின் கடையையே திரும்பத் திரும்ப வரைகிறான். இவன் வெளியே போனால் அந்தம்மாவுக்கு ஆபத்து என்று வள்ளிநாயகி ஒரு வார்த்தை சொன்னால் போதும், விசாரணை இல்லாமல் இன்னும் இரண்டு வருஷம் உள்ளே வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆபத்து இல்லை என்று சொன்னால் கேட் திறக்கும். எந்த வார்த்தையானாலும் மறுநாள் கேட் திறப்பதற்குள் வந்தாக வேண்டும். வள்ளிநாயகி தப்பாகச் சொன்னால் ஒன்று கார்த்திகேசுவின் வாழ்க்கை போகும், இல்லை யோகம்மாவின் உயிர் போகும்.

வகுப்பு தொடங்கியது. கொட்டகைக்கு மேல் மழை மேகம் கவிந்து பகலே மங்கலாக இருந்தது. கார்த்திகேசு கடைசி மேஜையில் உட்கார்ந்து பலகைகளை வரைந்தான். பிறகு வெள்ளைக் குச்சியை எடுத்து, யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதுபோல் அவசர அவசரமாகக் காகிதத்தில் தேய்த்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வார்டர் அப்துல் ரசாக் எட்டிப் பார்த்து, பலகை மட்டும்தான் இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு வாசல் பக்கம் போனார்.

வள்ளிநாயகி குனிந்து, காகிதத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தாள். அங்கங்கே பளபளப்பு.

"மெழுகு" என்று ஜபருல்லா அவள் காதருகே முணுமுணுத்தான். பாத்தேக் துணி விற்ற வாய் அது, சும்மா இருக்குமா? மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது, மற்ற இடமெல்லாம் நிறம் ஏறும், மெழுகு வரைந்த கோடு அப்படியே வெளுத்து நிற்கும். கிளந்தான் பக்கம் பொம்பளைகள் கைலிக்குப் பூப்போடுவதே அப்படித்தான் என்றான். தண்ணீரில் கரைத்த நீலம் ஒரு வாளி ஊற்றினால் போதும், மறைத்துவைத்த சரக்கு மேலே வந்துவிடும்.

ஆனால் வள்ளிநாயகி ஊற்றவில்லை. படம் வரைந்தவனுக்குச் சொந்தம். இன்னொரு கை அதில் படக்கூடாது, அந்தக் கொட்டகையை விட்டு அது வெளியே போகவும் கூடாது. அந்த வழக்கத்தை நம்பித்தான் கொலைகாரர்கள்கூட அவள் முன்னால் குச்சியைத் தொட்டார்கள். அவள் ஒரு கோப்பையில் மெல்லிய நீலம் கரைத்து, தூரிகையோடு கார்த்திகேசு முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

அவன் வார்டரின் முதுகைப் பார்த்தான். பிறகு தூரிகையைத் தோய்த்து ஒரே வீச்சில் இழுத்தான்.

நீலம் பரவப் பரவ, பலகைகளுக்கு நடுவே வெள்ளை உருவங்கள் எழுந்தன. தரையில் ஒரு பெண் கிடந்தாள். தலைமாட்டில் ஒரு தராசு. அவளுக்கு மேலே ஒருவன் நின்றான், தொங்கிய கையில் ஏதோ கனமான ஒன்று. முகம் இல்லை. நெஞ்சில் மட்டும் ஒரு சின்னச் சதுரம். அந்த ஒன்பது எழுதிய பலகை விலகியிருக்க, அந்தச் சந்தில் இன்னொருவன் ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றான். ஒட்ட வெட்டிய தலை.

ஜபருல்லா சுற்றிலும் பார்த்தான். நெஞ்சில் சதுரம் யாருக்கு இருக்கும்? அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை கைதிகளுக்கும் நெஞ்சில் எண் தைத்த சதுரத் துணி இருந்தது.

அடுத்த நொடி கார்த்திகேசுவின் கை வள்ளிநாயகியின் தோளை நோக்கி நீண்டது. அவள் சேலையில் குத்தியிருந்த மஞ்சள் அட்டை மேல் விரலை அழுத்தினான். அப்துல் ரசாக் ஓடிவந்து அவனை இழுத்தார். இழுபடும்போதே கார்த்திகேசு மேஜையிலிருந்த கறுப்பு மைக் கோப்பையைத் தட்டிவிட்டான். படம் முழுக்க இருண்டது. வார்டர் பார்த்தபோது அது ஒரு கறுப்புக் காகிதம், அவ்வளவுதான். உள்ளே இருந்ததைப் பார்த்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். ஒருவன் பேசமாட்டான்.

ஜபருல்லா முதலில் வெளியே வந்து காரைக் கேட்டுக்கு எதிரே கொண்டுவந்தான். வள்ளிநாயகி முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்தியபடி ஏறினாள். பஸார் தெருவுக்குப் போகச் சொன்னாள்.

"அக்கா, இதுல யோசிக்க என்னா லா இருக்கு?" என்றான் அவன். "அவன் என்னா செய்யப் போறான்னு அவனே படம் போட்டுக் காட்டிட்டான். பட்டுவாடா பண்ணுன மாதிரி கையில குடுத்துட்டான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, கதவைச் சாத்தட்டும்."

அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். சுங்கை பினாங் பாலத்தருகே வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. மழை ஒரு துளி விழுவதும் நிற்பதுமாக ஊரைக் காக்கவைத்தது.

பலகையில் எண் எந்தப் பக்கம் எழுதுவார்கள் என்று திடீரென்று கேட்டாள். உள்பக்கம்தான், மூடுகிறவன்தானே பார்க்க வேண்டும், வெளியே எழுதினால் தெருவில் போகிற பிள்ளைகள் கூட்டிக் கழிக்கவா என்றான் ஜபருல்லா. அப்படியானால் அந்தப் படம் கடைக்குள் நின்று பார்த்த படம் என்றாள். ஆனால் சங்கிலி அறுத்தது கடைவாசல் அஞ்சடி நடைபாதையில். அவன் கடைக்குள் காலே வைத்ததில்லை என்று யோகம்மாவே கோர்ட்டில் சொன்னாள்.

"அதுக்கு முன்னாடி ஒரு நாளு வேவு பார்க்க உள்ள வந்திருப்பான்."

"சரி. இன்னொண்ணு சொல்லு தம்பி. நாளைக்கு அவன் வெளியே வந்துட்டா, நெஞ்சில கைதி எண் இருக்குமா?"

"எப்படி இருக்கும்? சொந்தச் சட்டை குடுத்துத்தானே அனுப்புவானுங்க."

"அப்போ அந்தச் சதுரம் யாரோடது?"

ஜபருல்லா ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டான்.

யோகம்மாவின் கடையில் தொங்கும் விளக்கு, நிற்கும் விளக்கு, காமாட்சி விளக்கு என்று பித்தளை தகதகத்தது. நடுவில் பழைய இரும்புத் தராசு. கல்லாவில் யோகம்மா. அறுபது வயதிருக்கும், முன்கையில் ஒரு நீளத் தழும்பு. தெருவில் போகிறவனின் செருப்பைப் பார்த்தே என்ன விலைக்கு இறங்குவான் என்று கணக்குப் போடுகிற கண்கள். உள்ளேயிருந்து நெற்றி நிறைய விபூதியோடு ஒரு இளைஞன் வந்து, வாங்கம்மா உட்காருங்க என்று நாற்காலி போட்டான். அண்ணன் மகன் ஜெயராஜ், கடையைப் பார்த்துக்கொள்கிறவன் என்று யோகம்மா சொன்னாள். ஜெயராஜின் குரல் அவ்வளவு பதமாக இருந்தது, தட்டில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் போல.

வள்ளிநாயகி, டீச்சர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, ஒரு குத்துவிளக்கைக் காட்டி விலை கேட்டாள். யோகம்மா அறுபது வெள்ளி என்றாள். வள்ளிநாயகி உடனே பணப்பையைத் திறந்தாள். ஜபருல்லாவுக்கு மாரடைப்பு வராத குறை. முன்னால் பாய்ந்து, விளக்கைக் கையில் தூக்கி, எடை போதவில்லை என்றான், திரி முகம் ஒன்று கோணல் என்றான், கிளிங் தெருவில் இதே விளக்கை இனாமாகக் கொடுத்துக் காப்பியும் வாங்கித் தருகிறார்கள் என்றான். அப்படியானால் அங்கே போய்க் காப்பியைக் குடித்துவிட்டு வா, விளக்கு இங்கேதான் இருக்கும் என்றாள் யோகம்மா. இருவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நல்ல பேரத்துக்கு ஆள் கிடைக்காமல் எத்தனை நாள் காய்ந்திருந்தாளோ. ஜெயராஜ் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

பேரத்துக்கு நடுவே விஷயங்கள் தாமாகவே விழுந்தன. இதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான், கடையை விற்க வாக்குக் கொடுத்தாயிற்று, தைப்பூசம் கழிந்ததும் கெப்பாலா பத்தாஸில் மகளோடு போய் இருக்கப் போகிறேன் என்றாள் யோகம்மா. ஜெயராஜ் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

ஜபருல்லா சுவரில் சாய்த்திருந்த பலகைகளைத் தடவி, மரம் புதுசாக இருக்கிறதே, அந்தச் செலவையும் என் விளக்கில்தான் ஏற்றினீர்களா என்று ஒரு கொக்கி போட்டான். பழசைக் கறையான் தின்றுவிட்டது, போன வருஷத் தீபாவளிக்கு முன்னால் மாற்றினது, எண்கூட ஜெயராஜ் கையால் எழுதினதுதான் என்றாள் யோகம்மா.

போன தீபாவளி. கார்த்திகேசு அதற்கு வெகு முன்னாலேயே உள்ளே போய்விட்டான். ஜபருல்லா கையிலிருந்த விளக்கை மெல்லக் கீழே வைத்தான். வேவு பார்க்க வந்திருப்பான் என்று அவன் கட்டிய கணக்கு அங்கேயே படுத்துவிட்டது. கார்த்திகேசு அந்தப் பலகைகளைக் கண்ணால் கண்டிருக்கவே முடியாது. யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும்.

வள்ளிநாயகி, நாளைக்கு அவன் வெளியே வருகிறானாமே என்று பொதுவாகச் சொன்னாள். யோகம்மா தழும்பை ஒரு தடவை பார்த்துவிட்டு, வரட்டும், கை ஆறிப்போச்சு, கோவமும் ஆறிப்போச்சு என்றாள்.

"எனக்குத்தான் மனசு ஆறல" என்றான் ஜெயராஜ். "அத்தை மேல திரும்பவும் கை வைக்க மாட்டான்னு என்ன நிச்சயம்? தெருவில எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், நாளைக்கு அவன் இந்தப் பக்கம் வந்தா பார்த்துக்கங்கன்னு. ஜெயில்னு பேரைக் கேட்டாலே எனக்கு நடுக்கம் டீச்சர். அந்த ரோட்டுப் பக்கம்கூட நான் போனதில்ல."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மசூதியில் மக்ரிப் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. கடை மூடும் நேரம். ஜெயராஜ் முதல் பலகையைத் தூக்கிச் சொருகினான். பிறகு இரண்டாவது. ஒவ்வொரு பலகைக்கும் தெரு ஒரு துண்டு குறைந்தது. வெளிச்சமும் ஒரு துண்டு குறைந்தது. மூன்று. நான்கு. ஐந்து. அடுத்த பலகையை அவன் தூக்கும்போது ஜபருல்லாவின் பார்வை அதில் ஒட்டிக்கொண்டது. அவன் அதைத் தலைகீழாகப் பிடித்துச் சொருகினான், நாள்தோறும் அப்படித்தான் செய்கிறவன்போல. ஆறு எழுதியிருந்த இடத்தில் ஒன்பது நின்றது. அடியில் இருக்க வேண்டிய தாழ்ப்பாள் கட்டை மேலே போய்ச் சும்மா தொங்கியது. மற்ற பலகைகளோடு அது ஒட்டவில்லை. ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி.

எண்ணத் தெரியாதவன் என்றார்களே. அவன் சரியாகத்தான் எண்ணியிருக்கிறான்.

வள்ளிநாயகியும் பார்த்தாள். பணத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு, ஜபருல்லாவுக்கு மட்டும் கேட்கும்படி, "விளக்கைக் கொண்டுபோய்க் காரில வை தம்பி. அப்புறம் அந்த ஒன்பதுக்கு வெளியே வந்து நில்லு, மழை வருதான்னு பார்த்துச் சொல்லு" என்றாள்.

இருந்த கடைசிச் சந்து வழியாக ஜபருல்லா அஞ்சடியில் இறங்கினான். பின்னால் மீதிப் பலகைகளும் மூடிக்கொண்டன. விளக்கைக் கார் பின்சீட்டில் போட்டுவிட்டு ஓடிவந்து எண்ணத் தொடங்கியபோதுதான் உறைத்தது, வெளியிலிருந்து பார்த்தால் வரிசையே மாறிவிடும். உள்ளே இடமிருந்து ஆறு, இங்கே வலமிருந்து ஆறு. விரலை விட்டு எண்ணி அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துக் கண்ணை வைத்தான்.

ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. தராசின் ஒரு தட்டு, யோகம்மாவின் முழங்கை, வள்ளிநாயகியின் தோள். அவள் புழுக்கமாக இருக்கிறது என்று முந்தானையை விலக்கி விசிறிக்கொண்டாள். தோளில் மஞ்சள் அட்டை பளிச்சென்றிருந்தது. சிறைக்குள் போகும் வெளியாட்களுக்குக் கொடுக்கும் அந்த அட்டையைக் கழற்றவே அக்கா மறந்துவிட்டாளே என்று ஜபருல்லா நினைத்தான். எழுத்து எதுவும் இல்லாத வெறும் சதுர பிளாஸ்டிக். நடுவில் ஒரு எண் மட்டும், மேலே கார்த்திகேசுவின் விரல் பட்ட நீலக் கறை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி அட்டை என்று சொன்னாலும் நம்பலாம்.

ஜெயராஜின் பதமான குரல் கேட்டது. "அடடா டீச்சர், அட்டையைத் திருப்பிக் குடுக்காம வந்துட்டீங்களே. இதைக் குடுத்தாத்தானே கேட்ல வாங்கி வச்ச உங்க அடையாளக் கார்டு, ஐ.சி.யைத் தருவானுங்க."

 அதில் இருந்த பிழை உறைக்க ஜபருல்லாவுக்குக்கூட ஒரு மூச்சு நேரம் பிடித்தது. யோகம்மாவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. வாழ்நாளெல்லாம் எதிராளி வாயிலிருந்து விழுகிற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்து பழகியவள்.

"எந்தக் கேட்லடா?" என்றாள்.

"இல்ல அத்தை, பொதுவா..."

"ஐ.சி.யை வாங்கி வச்சுக்குவான்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்த ரோட்டுப் பக்கமே போனதில்லன்னு இப்பத்தானே சொன்னே."

"யாரோ சொன்னாங்க."

"உங்களுக்கு யாரோ சொன்னாங்க" என்றாள் வள்ளிநாயகி. "கார்த்திகேசுக்கு ஆறாம் பலகையைப் பத்தி யாரு சொன்னாங்க?"

உள்ளே விளக்கு அணைந்தது.

இருட்டில் தராசுத் தட்டு ஒன்று வெறுமையாகி மேலே எகிறுகிற சத்தம். எடைக்கல் ஒன்றை யாரோ எடுத்துவிட்டார்கள். நாற்காலி ஒன்று சரிந்தது. ஜபருல்லா தோளால் பலகையை மோதினான். தாழ்ப்பாள் பிடிக்காத பலகை, படகுக் கைலிக்காகச் சுங்கப் படகைக்கூட மோதிய தோள். பலகை உள்பக்கமாகப் பெயர்ந்து விழுந்தது. தெருவிளக்கின் வெளிச்சம் நீளமாகக் கடைக்குள் பாய்ந்தது.

தரையில் யோகம்மா கிடந்தாள், தலைமாட்டில் தராசு. அவளுக்கு மேலே ஜெயராஜ் நின்றான், தொங்கிய கையில் ஐந்து கிலோ எடைக்கல். ஒரு காலைச் சந்துக்குள் வைத்தபடி, ஒட்ட வெட்டிய தலையோடு, ஜபருல்லா அப்படியே உறைந்து நின்றான். இந்தக் காட்சியை அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான், நீலத்தில். அதில் தான் இப்போது எங்கே நிற்கிறோம் என்பதும் அவனுக்குப் புரிந்தது. தெருவில் எவன் ஓடிவந்தாலும் முதலில் பிடிக்கப்போவது பெயர்ந்து விழுந்த பலகைக்கு நடுவே நிற்கிற ஜெயில் கிராப்புக்காரனைத்தான். நாளைக்கு இந்த இடத்தில் நிற்கவேண்டியவன் கார்த்திகேசு.

படத்தில் இல்லாதது ஒன்றே ஒன்று. தரையில் யோகம்மாவை இழுத்துத் தள்ளி, அவள் மேல் கவிந்து படுத்திருந்தாள் வள்ளிநாயகி.

"அக்கா" என்றான் ஜபருல்லா. கைலிக் கடைக் குரல் அவனுக்குத் திரும்பியிருந்தது, தெருக்கோடி வரை கேட்கிற குரல். "விளக்கு வாங்கிட்டோம், எண்ணெய் வாங்க மறந்துட்டோம். கடை சாத்திட்டாங்களா?"

எதிர்க்கடைப் பூக்காரர் எட்டிப் பார்த்தார். காசு மாற்றுகிறவர் கடையிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். யோகம்மா தரையிலிருந்து தலையைத் தூக்கி, குரல் நடுங்காமல், "வைடா அதை" என்றாள். ஜெயராஜ் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு எடைக்கல்லைத் தட்டில் வைத்தான். தட்டு இறங்குகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோன பிறகு வள்ளிநாயகி காரில் ஏறி, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கடை விற்றுப்போனால் தன் பிழைப்பு போய்விடும் என்று, அத்தையை முடித்துப் பழியைக் கார்த்திகேசு தலையில் போட ஜெயராஜ் போட்ட கணக்கு இது என்றாள். கார்த்திகேசு எட்டிப் பிடிக்க வந்தது தன்னையல்ல, அட்டையைத்தான் என்றாள். உள்ளே இருக்கிறவனுக்கு வெளியாள் என்றால் முகம் அப்புறம்தான், முதலில் கண்ணில் படுவது நெஞ்சில் குத்திய இந்தச் சதுரம். அவனைப் பார்க்க வந்து போகிற ஒருவன்தான் கொல்லப் போகிறவன் என்று வேறு எப்படிச் சொல்வான்? கறுப்பிலோ சிவப்பிலோ வரைந்திருந்தால் வார்டர் கண்ணில் பட்டு, அந்தப் படமே அவன் கழுத்துக்குக் கயிறாகியிருக்கும். சொல்லவும் வேண்டும், சொன்னது தெரியவும் கூடாது.

"அதுக்குத்தான் அந்த விலைபோகாத சரக்கு" என்றான் ஜபருல்லா. "அப்போ அட்டையை நீங்க மறக்கல."

"உள்ளே ஒரு மாதிரி, வெளியே ஒரு மாதிரி இருக்கிற ஆளு, இந்த அட்டையைப் பார்த்தா பதறுவான், இல்ல வாயை விடுவான்னு நினைச்சேன். உபகாரம் பண்றேன்னு வாயை விட்டுட்டான்."

கார் சிறைக் கேட்டில் நின்றது. வள்ளிநாயகி அட்டையைக் கொடுத்து ஐ.சி.யை வாங்கினாள். அப்துல் ரசாக்கிடம், கார்த்திகேசுவைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டாள். சொந்தக்காரன் ஒருவனும் கிடையாது, வெட்டுப்பட்ட அம்மாவின் அண்ணன் மகன் ஒருவன்தான் ஆறு மாதமாகப் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வருகிறான், எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்றார் அவர். நடந்ததை அவள் சொன்னதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரிக்குச் சேர வேண்டிய வார்த்தையையும் அங்கேயே சொன்னாள்.

"போகட்டும்."

மறுநாள் காலை கேட் திறந்தது. மழை இரவெல்லாம் பெய்து ஓய்ந்திருந்தது. கார்த்திகேசு யாரோ கொடுத்த தொளதொளச் சட்டையோடு வெளியே வந்து, காருக்கு எதிரே நின்றான். ஜபருல்லா பின்கதவைத் திறந்துவிட்டு, சவாரிக் கூலி வேண்டாம், பிஸ்கட் மட்டும் வாங்கித் தந்தால் போதும் என்றான். கார்த்திகேசு சிரிக்கவில்லை. ஏறவும் இல்லை.

கடை மூடின பிறகு வா, ஆறாம் பலகையைத் தலைகீழாகச் சொருகியிருப்பேன், தள்ளினால் திறக்கும், உனக்கு வேலை போட்டுத் தருகிறேன், சத்தம் போட்டாலும் தராசுப் பக்கம் படுத்திருக்கும் அத்தை எழுந்திருக்க மாட்டாள். அந்த வார்த்தைகளை மாதாமாதம் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெயராஜ் சொல்லக் கேட்டவன் அவன். போகாமல் ஒளிந்துகொண்டாலும் தப்ப முடியாது என்று தெரிந்தவன். விடுதலையான அன்றே யோகம்மா செத்தால், ஊர் வேறு யாரைத் தேடும்? விடுதலை நாள் நெருங்க நெருங்க ஒரு மனிதனுக்குப் பயம் கூடுவதை ஜபருல்லா அந்த முகத்தில்தான் முதல் தடவையாகப் பார்த்தான்.

வள்ளிநாயகி காத்திருந்தாள். காத்திருப்பது அவள் தொழில்.

கார்த்திகேசு இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். நாள்பட்ட கதவு திறப்பதுபோல் குரல் வந்தது.

"அந்தப் பலகையை நேரா மாட்டியாச்சா?"

 ஜபருல்லா ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

கார்த்திகேசு காரில் ஏறினான்.